வார் இறுக்கினால் கடிக்க வரும் குதிரை: வலியா, பழக்கமா என்று கண்டுபிடிப்பது எப்படி?

சேணத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போனாலே காதைப் பின்னுக்கு மடக்குகிறது. சேணத்தை முதுகில் பிடித்துவைக்க வயிற்றுக்கடியில் சுற்றிக் கட்டும் வயிற்றுவாரைக் கையில் எடுத்ததும் கழுத்தைத் திருப்பிக் கடிக்க வருகிறது. இரண்டாவது துளைக்கு இழுக்கும்போது பின்னங்காலை முன்பக்கமாக வீசுகிறது. இப்படி ஒரு குதிரை உங்களிடம் இருந்தால் லாயத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லியிருப்பார்கள். திமிர், நாலு தட்டு தட்டினால் அடங்கிவிடும் என்பார் ஒருவர். வயிற்றுப்புண்தான், மருந்து கொடு என்பார் இன்னொருவர். பெட்டைக் குதிரை என்றால் அப்படித்தான் என்று மூன்றாமவர். மூன்று பேரும் அந்த வயிற்றில் கை வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நானும் ரொம்ப நாள் முதல் ஆள் கட்சியில் இருந்தவன்தான். என்னிடம் இருந்தது காயடித்த ஆண் குதிரை, மற்ற எல்லா விஷயத்திலும் தங்கமான குணம், வாரைக் கண்டால் மட்டும் பேய் பிடித்துவிடும். கயிற்றைக் குட்டையாகக் கட்டி, அதட்டி, ஒரே மூச்சில் இறுக்கி ஏறிப் போய்க்கொண்டிருந்தேன். சேணம் எப்போதும் வலது பக்கம் சரிகிறதே என்று போதாக்குறைக்கு இன்னும் ஒரு துளை கூட்டி இறுக்கினேன். கோளாறு எங்கே இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன், வயிற்றில் இல்லை என்று மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. வலியா, பழக்கமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தால் பெரும்பாலும் குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் நிறையக் குதிரைகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். எப்போதோ வலித்தது, வலித்தபோது கடித்தது, கடித்தால் மனிதன் இரண்டடி பின்வாங்குகிறான் என்று கற்றுக்கொண்டது, வலி போன பிறகும் அந்தப் பாடம் போகவில்லை. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது, இன்றைக்கும் வலி மிச்சம் இருக்கிறதா என்பது. அதை முடித்துவிட்டுத்தான் பழக்கத்தில் கை வைக்க வேண்டும். வரிசையை மாற்றிப் போட்டால், வலிக்கிற குதிரையைச் சும்மா நில் என்று பழக்கியிருப்பீர்கள். அது நிற்கும், வேறு எந்த நாளிலோ முன்னறிவிப்பே இல்லாமல் உங்களைக் கீழே தள்ளும்.

எந்த நொடியில் ஆரம்பிக்கிறது?

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள். போனை எங்காவது சாய்த்து வைத்து, லாயத்திலிருந்து குதிரையை வெளியே கொண்டுவருவதில் தொடங்கி, ஏறி நாலு சுற்று போவது வரை வீடியோ எடுங்கள். பிறகு உட்கார்ந்து, முதல் சிறு மாற்றம் எந்த நொடியில் வருகிறது என்று தேடுங்கள். கடிப்பது முதல் அறிகுறி அல்ல, அதற்கு முன்னால் மூச்சு நின்றிருக்கும், முகவாய் இறுகியிருக்கும், வால் ஒருமுறை விசுக்கென்று அடித்திருக்கும். நேரில் நிற்கும்போது பக்கிளைப் பார்த்துக்கொண்டிருப்பதால் இதெல்லாம் நம் கண்ணில் படாது.

சேணத்தைத் தூரத்தில் பார்த்ததுமே ஆரம்பித்தால் அது எதிர்பார்ப்பு, அதாவது பழைய ஞாபகம். ஆனால் எதன் ஞாபகம் என்பது இன்னும் தெரியாது, போன வருஷ வலியாகவும் இருக்கலாம், நேற்றைய வலியாகவும் இருக்கலாம். முழங்கைக்குப் பின்னால் பிரஷ் பட்டதும் துள்ளினால் தோல், தசை, விலா என்று அந்த இடத்தையே முதலில் சந்தேகப்படலாம். தொட்டால் ஒன்றும் இல்லை, தளர்வாக மாட்டினாலும் ஒன்றும் இல்லை, இறுக்கும்போது மட்டும் என்றால் வாரைவிடச் சேணத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும். வார் இறுகும்போது சேணமும் முதுகில் இறங்கி அழுத்துகிறது, குதிரைக்கோ கோபத்தைக் காட்டக் கிடைத்தது வார்தான். இறுக்கும்வரை பொறுத்துக்கொண்டு, ஏறிய பிறகு முன்னால் போக மறுத்தாலோ, முதல் சில அடிகள் முதுகை உயர்த்திக் கட்டை போல நடந்தாலோ, முதுகு, மூட்டு, வயிறு என்று பட்டியல் நீளும்.

வீடியோவை நிறுத்தி முகத்தையும் பாருங்கள். குதிரையின் முகத்தில் வலியைப் படிக்க 2014-இல் வெளிவந்த ஓர் அளவுகோல் உண்டு, ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறது: விறைப்பாகப் பின்னுக்குத் திரும்பிய காது, பாதி மூடி இறுகிய கண், கண்ணுக்கு மேல் எலும்பு தெரியும் அளவு இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாயும் துருத்திய முகவாயும், விறைத்த நாசி. வெறும் காதை வைத்து முடிவு செய்யாதீர்கள், தீவனத் தொட்டிக்குப் பக்கத்துக் குதிரை வந்தாலும் காது மடங்கத்தான் செய்யும். கண்ணும் முகவாயும் சேர்ந்து இறுகுகிறதா என்று பாருங்கள்.

கையால் பார்ப்பது

இதை வார் மாட்டாத நேரத்தில், வேலை இல்லாத நாளில் செய்யுங்கள். குதிரையை இறுக்கிக் கட்ட வேண்டாம், தெரிந்த ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நிற்கும் அதே பக்கத்தில் நிற்கட்டும். நீங்கள் தோளை ஒட்டி, வாலைப் பார்த்தபடி நில்லுங்கள். பின்னங்கால் முன்பக்கமாக வீசும் எல்லையில் தலையைக் குனிந்து வைத்துக்கொண்டு வயிற்றைப் பார்க்கிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

உள்ளங்கையை முன்னங்கால்களுக்கு இடையிலிருந்து தொடங்கி, மார்பெலும்பு வழியாக, வார் உட்காரும் பள்ளம் வரை மெதுவாகக் கொண்டுபோங்கள். முடியைப் பிரித்துப் பாருங்கள். உண்ணி, பொருக்கு, பூஞ்சைத் திட்டு, வார் உரசி வந்த புண், காய்ந்த வியர்வையில் ஒட்டிய மண், துணியில் சிக்கிய புல்விதை, சின்னக் கட்டி. இதில் ஏதாவது ஒன்றுதான் காரணம் என்று தெரிந்து வெட்கப்பட்டவர்கள் ஏராளம். அப்புறம் விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டி, முழங்கைக்குப் பின்னால் உள்ள தசையையும், விலா எலும்புகளுக்கு இடையிலும், தோள்மேட்டின் (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு) இரு பக்கமும், முதுகெலும்பை ஒட்டியும் பாருங்கள். இடது, வலது இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் துடித்தால் அதைக் குறித்து வையுங்கள், பழக்கம் பொதுவாக இப்படி ஒரு விரல் அகலத்தில் வராது.

கூச்சக் குதிரையையும் வலிக் குதிரையையும் பிரிக்க என் வழி இது: கூச்சம் என்றால் லேசான தொடுதல்தான் பிடிக்காது, உள்ளங்கையை அகலமாக, உறுதியாக வைத்துவிட்டால் பெருமூச்சு விட்டு நின்றுவிடும். வலி என்றால் அழுத்தம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். நூற்றுக்கு நூறு சரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் நல்ல தொடக்கம். ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், தீவனத்துக்கு முன், பின், வேலை முடிந்த பிறகு என்று வேறு வேறு நேரத்தில் பாருங்கள்.

சேர்ந்தே வருவதைப் பிரித்துப் பார்ப்பது

சேணம், வார், கடிவாளம், ஏறும் மனிதன், அதன் பின் வரும் வேலை எல்லாம் குதிரைக்கு ஒரே கோர்வை. எது அதற்குப் பிடிக்கவில்லை என்று தெரிய, கோர்வையைக் கழற்ற வேண்டும், ஒரு நாளைக்கு ஒன்றுதான் மாற்ற வேண்டும்.

சேணத்தை மட்டும் வைத்து, வார் மாட்டாமல் ஐந்து நிமிடம் நின்று எடுத்துவிடுங்கள். இன்னொரு நாள், சேணமே இல்லாமல் ஓர் அகலமான துண்டை வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து, இரு முனையையும் மேலே கையில் பிடித்து, வார் உட்காரும் இடத்தில் மெல்ல இழுத்து விடுங்கள். துண்டைக் கட்டக் கூடாது, கையில் பிடித்தால்தான் குதிரை கலவரப்பட்டதும் விட்டுவிட முடியும். துண்டுக்கு ஒன்றும் செய்யாமல் சேணத்துடன் மட்டும் கடித்தால் சேணப் பொருத்தத்தையும் முதுகையும் பாருங்கள். துண்டுக்கே கடித்தால் மார்பு, விலா, தோல் பக்கம் திரும்புங்கள், அல்லது நன்றாக ஊறிப்போன பழக்கம். எல்லாம் வழக்கம்போல மாட்டி, இறுக்கி, ஏறாமல் கழற்றிவிட்டு மேய விடுவதையும் நாலைந்து நாள் செய்து பாருங்கள். அதிலேயே எதிர்ப்பு நாளுக்கு நாள் குறைந்தால், வாரைவிட அதன் பின் வரும் வேலைதான் அதற்குக் கசக்கிறது. வேலை ஏன் கசக்கிறது என்பது அடுத்த கேள்வி, அதற்கும் வலி ஒரு பதில்தான்.

ஆளை மாற்றிப் பார்ப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. வேறொருவர் மாட்டும்போது குதிரை சும்மா நின்றால், "பார்த்தாயா, உன்னிடம்தான் ஆட்டம் காட்டுகிறது" என்பார்கள். அந்த ஆள் பொறுமையாகத் துளை துளையாக இறுக்குபவராக இருக்கலாம். அல்லது குதிரை அவருக்குப் பயந்து வலியை விழுங்கிக்கொண்டு நிற்கலாம். சும்மா நிற்பதால் வலி இல்லை என்று ஆகாது. முகத்தைப் பாருங்கள் என்று மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

உடம்பில் எங்கே தேடுவது?

வயிற்றுப்புண்ணை எல்லோரும் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். கீழ்ப்பகுதிக்குப் பாதுகாப்புப் பூச்சு உண்டு, மேல்பகுதிக்கு அது கிடையாது. வேகமாக ஓடும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி அமிலம் மேலே ஏறி அந்தப் பாதுகாப்பற்ற பகுதியை அரிக்கிறது. நாள் முழுக்கப் புல் மெல்ல வேண்டிய பிராணியை இரண்டு வேளைத் தானியத்தில் வைத்தால் இதுதான் நடக்கும். ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், வார் இரைப்பையின் மேல் உட்காருவதில்லை. வார் மார்பெலும்பின் மேல் இருக்கிறது, இரைப்பை அதற்குப் பின்னால் விலாக்கூட்டின் இடது பக்கம் இருக்கிறது. அதனால் "அமுக்கினால் துடிக்கிறது, ஆகவே அல்சர்" என்பது கணக்காகாது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் வார் தொந்தரவுடன் வந்த 37 குதிரைகளின் பதிவுகளைத் திரும்பிப் பார்த்தபோது வயிற்றுப்புண் அடிக்கடி தென்பட்டது உண்மை, ஆனால் எலும்பு, மூட்டுக் கோளாறுகளும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

மினுக்கம் இழந்த ரோமம், தானியத்தை மீதி வைப்பது, எடை குறைவது, தின்ற பின் லேசான வயிற்றுவலி, பொதுவான சிடுசிடுப்பு, இவை புண்ணைச் சுட்டலாம். ஒன்றுமே காட்டாத குதிரைகளும் உண்டு. உறுதியாகத் தெரிய ஒரே வழி, இரவு பட்டினி போட்டு, நுனியில் கேமரா உள்ள, சுமார் 3 மீட்டர் நீள எண்டோஸ்கோப் குழாயைச் செலுத்திப் பார்ப்பது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மருந்தை வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள், மேல்பகுதிப் புண்ணுக்கு நன்றாகக் கேட்கும். கீழ்ப்பகுதிப் புண் முரண்டு பிடிக்கும், வேறு மருந்தும் சேர்க்க வேண்டி வரும். கண்டபடி வாங்கிக் கொடுத்துவிட்டு, குணமாகவில்லை, ஆகவே குணக்கேடு என்று முடிவு செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவறு வேண்டாம்.

இப்போது என் குதிரை. சேணம் வலது பக்கமே சரிந்தது என்று சொன்னேன் அல்லவா, அது சேணத்தின் குறை என்று நினைத்து விரிப்பை மாற்றினேன், வாரை மாற்றினேன். கால்நடை மருத்துவர் வந்து வட்டத்தில் ஓட விட்டுப் பார்த்தார், என் கண்ணுக்குத் தெரியாத நொண்டல் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. வலது பின்னங்காலின் நடு மூட்டு. அந்த இடத்தை மரக்கச் செய்யும் ஊசி போட்டதும் அதே சேணம் நேராக உட்கார்ந்தது. சேணம் தொடர்ந்து ஒரே பக்கம் சரிந்தால் பின்னங்கால் நொண்டலைச் சந்தேகிக்க வேண்டும் என்பது ஆய்வுகளில் பலமுறை பேசப்பட்ட விஷயம், பெரும்பாலும் வலிக்கும் கால் பக்கமே சரிகிறது. நான் அது தெரியாமல் ஒவ்வொரு வாரமும் ஒரு துளை கூட்டிக்கொண்டிருந்தேன்.

முன்பக்கமும் கதை உண்டு. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது, முன்னங்கால்களுக்கு நடுவில் மார்புக்கூடு தசைகளால்தான் தொங்குகிறது, அந்தத் தசைகள் மேல்தான் வார் போகிறது. அழுத்தத்தை அளக்கும் பாய்களை வைத்துப் பார்த்தபோது மிக அதிக அழுத்தம் மார்பெலும்பில் இல்லை, முழங்கைக்குப் பின்னால் விழுந்தது. ஆகவே முழங்கைக்கு இடம் விட்டு வெட்டிய வார், இரண்டு முனையிலும் சமமான எலாஸ்டிக் உள்ள வார் என்று மாற்றிப் பார்ப்பது வீண் செலவு அல்ல. ஒரு முனையில் மட்டும் எலாஸ்டிக் இருந்தால் ஒரு பக்கமாக இழுக்கும். இறுக்கம் போதுமா என்று பக்கவாட்டில் விரல் விட்டுப் பார்க்காதீர்கள், அங்கே ஏமாற்றும். கீழே மார்பெலும்பின் மேல் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. முதுகெலும்பின் மேல் முனைகள் ஒன்றோடொன்று உரசுவது, கழுத்து மூட்டு வீக்கம், விழுந்ததில் விலா முறிவு, தசை நோய்கள். பெட்டைக் குதிரை என்றால் நாட்காட்டியில் குறியுங்கள். சினைப்பருவச் சுழற்சி ஏறத்தாழ 21 நாள், தொந்தரவும் அந்தத் தாளத்தில் வந்து போனால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி கடிக்கிற பெட்டைக் குதிரைக்கு அந்தச் சாக்கு பொருந்தாது.

ஏறிய பிறகு பார்க்கவும் ஒரு பட்டியல் இருக்கிறது. சூ டைசன் என்ற பிரிட்டன் கால்நடை மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2018-இல் வெளியிட்டது. தலையை ஆட்டுவது, வாய் பிளப்பது, வாலை விசுக்குவது, அடிக்கடி தடுக்குவது போல 24 நடத்தைகள். எட்டு அல்லது அதற்கு மேல் தென்பட்டால் எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம். வீடியோவை மருத்துவரிடம் காட்டும்போது இதையும் கேளுங்கள்.

வலிமாத்திரை கொடுத்துப் பார்ப்போமா என்று தோன்றும். மருத்துவர் சொல்லாமல் வேண்டவே வேண்டாம். பியூட் (ஃபினைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணி) போன்ற மருந்துகள் மூட்டு வலியைக் குறைக்கும், வயிற்றுப்புண்ணை மோசமாக்கும். அதனால் மாத்திரைக்கு மாற்றம் இல்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தமில்லை.

பழக்கம் மட்டும் மிஞ்சினால்

என் குதிரைக்கு மூட்டில் ஊசி போட்டு, ஓய்வு கொடுத்து, நொண்டல் போன பிறகும் மூன்று மாதம் கடித்தது. அதற்கு வாரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பழைய வாரைப் பற்றித்தானே.

மாட்டுவதற்கு முன் கொஞ்சம் குதிரைமசால் அல்லது காய்ந்த புல் கொடுங்கள், மெல்லும்போது ஊறும் உமிழ்நீரும் மசாலில் உள்ள சுண்ணாம்புச்சத்தும் அமிலத்தை மட்டுப்படுத்தும், வாய்க்கும் வேலை. ஆனால் அமைதியாக நிற்கும்போது தொடங்குங்கள், கடித்த அடுத்த நொடி தீவனம் நீட்டினால் கடிப்பதற்குக் கூலி கொடுத்ததாகிவிடும். வாரைக் கையில் எடுத்து அருகில் போய், காது மடங்குவதற்கு முன் நின்று, பின்வாங்குங்கள். திரும்பப் போங்கள். பின்வாங்குவது குதிரை அமைதியாக இருக்கும்போது நடக்க வேண்டும், பல்லைக் காட்டும்போது நடந்தால் பாடம் தலைகீழாகிவிடும். அதனால்தான் பல்லைக் காட்டும் எல்லைக்குப் போகவே கூடாது என்கிறேன். முதல் நாள் முழுக்க இதிலேயே போனாலும் போகட்டும்.

மாட்டும் நிலைக்கு வந்ததும், சேணம் நழுவாத அளவுக்கு மட்டும் மாட்டுங்கள். வயிற்றுக்கடியில் தொங்கும் அளவுக்குத் தளர்வாக விட்டால் பயந்து ஓடி வேறு கதையாகிவிடும். பத்தடி நடத்துங்கள். ஒரு துளை. மறுபடி நடத்துங்கள். அடுத்த துளை மறுபக்கம். முன்னங்கால்களை ஒவ்வொன்றாக மெல்ல முன்னால் இழுத்து விட்டால் வாருக்கடியில் மடிந்த தோல் நேராகும். கடைசித் துளையை ஏறுவதற்குச் சற்று முன் வைத்துக்கொண்டு, திண்டின் மேல் நின்று ஏறுங்கள், தரையிலிருந்து தொங்கி ஏறினால் சேணம் ஒரு பக்கம் இழுபடும். இடையில் கழுத்தைத் திருப்பினால் முழங்கையை மடக்கித் தடுப்பாக வைத்தால் போதும், அடிக்காதீர்கள். இறுக்கும்போது அடி விழுந்தால், இறுக்கினால் அடி விழும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

இரண்டு மூன்று வாரத்தில் வரைபடம் போல ஒரு போக்கு தெரியும். பழக்கம் மெதுவாக, ஏறத்தாழ ஒரே திசையில் குறையும். நாலு நாள் நன்றாக இருந்து ஐந்தாம் நாள் பழையபடி கடித்தாலோ, வேலையைக் கூட்டியதும் திரும்ப வந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைத் திரும்பக் கூப்பிடுங்கள், குறிப்புகளையும் வீடியோக்களையும் தேதி வாரியாகக் கையில் கொடுங்கள்.

என் குதிரை இப்போதும் வாரை எடுத்தால் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்க்கும். நான் கையை அப்படியே நிறுத்துவேன், அது முன்னால் திரும்பியதும் மாட்டுவேன். போன குளிர்காலத்தில் ஒரு நாள் பார்வையோடு நிற்காமல் பல்லும் வந்தது. அன்றைக்கு ஏறவில்லை, சேணத்தை வைத்து நடத்திப் பார்த்தேன், வலது பக்கம் லேசாகச் சரிந்திருந்தது.